கண்டெழுதுவோன் கடமை
(டெனிஸ் ஜென்கின்சன் வாழ்க்கையால் அறியப்படுவது)

திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையே அமைந்த மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்க்குத் தலைமையிடமாக விளங்கும் பழம்பதியாகும். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பெற்ற மலைநாதர் கோயிலும், பெரிய பார்சுவநாதர் கோயிலும், ஏட்டுச் சுவடிகளைப் பேணிவரும் ஜினகாஞ்சி மடமும் அவ்வூரிலே உள்ளன. அவ்வூர்த் தேர்த்திருவிழாவிற்கு ஒருகால் மாணவர் மூவரை உடனழைத்துச் சென்றிருந்தோம். சென்றது விழாக் காண்பதற்கு மட்டுமன்று. கண்டதை எழுதிப் பழகுதற்குமாம். "தேரோட்டத்தைக் கண்டு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தருக, பிறரைக் கேட்டு எழுதாதீர்" என்பதே அவர்க்கு யாம் இட்ட கட்டளை.

மாலையில் மூன்று தாள்களையும் வாங்கிப் படித்தோம். மாடிமேல் நின்று கண்ட மாணவர், தேர் அன்னம்போல் அசைந்து தடையின்றி நிலைக்கு வந்தது என்று எழுதியிருந்தார். வடம் பிடித்து இழுத்த மாணவர், தேர் நகரவே மறுத்தது, இழுத்தோர் உள்ளங்கைகள் கன்றிப்போயின என்று எழுதியிருந்தார். மூன்றாமவர் முட்டுக்கட்டை இடுவோர் பக்கத்திலே ஓடியவர். தெரு வளைவிலே சக்கரம் ஓரத்துக்கு விலகியதையும், உரிய நொடியில் ஒருவர் கட்டையைச் செலுத்திக் கையை இழுத்துக்கொண்டதையும் அவர் எழுதினாரேயன்றித் தேரின்மேல் எழுந்தருளிய திருவுருவத்தைப் பற்றியும், திரண்ட கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல்லும் எழுதினாரல்லர்.

இம்மூன்றனுள் எது மெய்? மூன்றும் மெய்யே, எனினும் ஒன்றேனும் முழுமெய் அன்று. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உள. ஒரு பக்கத்தைக் கண்டு "இதுவே பொருள்" எனல் பிழை என்பது சமணர் கண்ட அநேகாந்தக் கொள்கை. அக்கொள்கை பிறந்த சமயத்தார் ஊரிலேயே அதற்கு எடுத்துக்காட்டும் எமக்குக் கிடைத்தது. அன்றிரவு திரும்பும் வழியில், முட்டுக்கட்டையருகே ஓடிய மாணவர், "ஐயா, பத்திரிகைக்கு எழுதுவோர் எங்கே நின்று காணவேண்டும்?" என்று வினவினார். அவ்வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. விடையைத் தன் வாழ்வாலேயே காட்டிய ஒருவர் மோட்டார்ப் பந்தயத் துறையில் இருந்தார். அவர் பெயர் டெனிஸ் ஜென்கின்சன்.

இளமையும் தொழிற்பயிற்சியும்

ஜென்கின்சன் 1920-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டனில் பிறந்தவர். பொறியியல் பயின்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, உயிர்க்கொலை செய்தற்குத் தம் மனச்சான்று இடங்கொடாமையால், படையிற் சேர மறுத்தார். அங்ஙனம் மறுத்தோர் அந்நாளில் பலர் ஏளனத்துக்கு உள்ளாயினர். அவர் பார்ன்பரோவிலிருந்த அரசினர் விமான ஆராய்ச்சி நிலையத்தில் படைசாராப் பணியாளராக வேலை பார்த்தார். ஆண்டுதான் மோட்டார் வண்டிகளில் தீராத ஆர்வங்கொண்ட நண்பர்கள் அவர்க்கு வாய்த்தனர். அவருள் ஒருவர், 'மோட்டார் ஸ்போர்ட்' என்னும் திங்களிதழின் ஆசிரியராய் நெடுங்காலம் விளங்கிய பில் பாடி என்பவர்.

போர் முடிந்ததும் ஜென்கின்சன் பந்தயத்திற் புகுந்தார். தனியே வண்டியோட்டிப் புகழ்பெறுதற்குரிய பொருள்வளம் அவரிடம் இல்லை. ஆகவே பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் துணைவராக ஏறினார். இத்துணைவர் சும்மா அமர்ந்து செல்பவர் அல்லர். வளைவுதோறும் தம் உடலை இப்புறமும் அப்புறமும் சாய்த்து, வண்டி கவிழாதபடி எடையை நிறுத்துவதே அவர் தொழில். ஒரு கணம் பிந்தினால் இருவர்க்கும் கேடு. 1949-ஆம் ஆண்டு இவ்வகைப் பந்தயத்திற்கு முதன்முறையாக உலக வாகைப் பட்டம் ஏற்படுத்தப்பட்டபோது, எரிக் ஆலிவர் என்பாருடன் நார்ட்டன் வண்டியிற் சென்று அப்பட்டத்தை அவர் பெற்றார்.

எழுதுகோலை எடுக்குமுன் அவர் கற்ற கல்வி இதுவாகும். இயந்திரத்தின் இயல்பைப் பள்ளியிலும், விரைவின் இயல்பைத் தம் உடலிலும், அஞ்சாது தனித்துநிற்றலைத் தம் மனச்சான்றிலும் கற்றார். பின்னர் 'மோட்டார் ஸ்போர்ட்' இதழின் ஐரோப்பிய நிருபராகிப் பல்லாண்டுகள் பணியாற்றினார். பந்தயக் காலம் வந்ததும் தம் வண்டியிலேயே ஊரூராய், நாடுநாடாய்ச் செல்வார். வண்டிச் செப்பனிடுவோர் நடுவே நின்று எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று பார்ப்பார். பயிற்சி ஓட்டத்தின்போது பாதையின் வளைவுகளிலே நின்று, ஓட்டுவோர் எவ்விடத்தில் தடையை அழுத்துகின்றனர் என்று நோக்குவார். அவர் கட்டுரைகளின் கீழ் 'டி. எஸ். ஜே.' என்னும் மூன்றெழுத்துகளே காணப்படும்; அவ்வெழுத்துகளைத் தேடியே இதழை வாங்கினோர் பலர்.

ஆயிரம் மைற் பந்தயம்

இத்தாலி நாட்டில் 1927-ஆம் ஆண்டு தொடங்கி 'மில்லே மிலியா' என்னும் பந்தயம் நடைபெற்று வந்தது. 'ஆயிரம் மைல்' என்பது அப்பெயரின் பொருள். இது சுற்றுமதிலுக்குள் அமைந்த பந்தயத் தடம் அன்று. மக்கள் நாளும் வழங்கும் பொதுச் சாலைகளே அதன் களம். பிரெஷியா நகரிற் புறப்பட்டுக் கீழைக் கடற்கரை வழியே பெஸ்காரா சென்று, மலைகடந்து உரோமாபுரியை அடைந்து, பிளாரன்ஸ், பொலோனா நகர்களின் வழியாக மீண்டும் பிரெஷியாவிற்கே வந்துசேர வேண்டும். அப்பெருவழியின் எண்ணிறந்த வளைவுகளையும் மேடுகளையும் நினைவில் வைத்தல் அயல்நாட்டார்க்கு அரிதினும் அரிது.

1955-ஆம் ஆண்டு மே முதல் நாள் நடந்த பந்தயத்திற்கு மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தார் ஸ்டெர்லிங் மாஸ் என்னும் இருபத்தைந்து வயது ஆங்கில இளைஞரை ஓட்டுநராக அமர்த்தினர். அவர்க்குத் துணையாக வண்டியில் அமர்ந்தவர் ஜென்கின்சன். இருவரும் பந்தயத்திற்குமுன் அவ்வழியைப் பன்முறை ஓட்டிப் பார்த்தனர். ஜென்கின்சன் ஒவ்வொரு வளைவையும், தண்டவாளக் கடப்பையும், கண்ணுக்குப் புலனாகாத மேட்டையும் குறித்துக்கொண்டார். வளைவுகளை இடர்ப்பாட்டின் அளவுக்கேற்ப மூன்று தரமாகப் பிரித்தார். இக்குறிப்புகளையெல்லாம் ஏறத்தாழப் பதினெட்டு அடி நீளமுள்ள ஒரு காகிதச் சுருளில் எழுதி, ஒளி ஊடுருவும் மூடியுடைய ஓர் உலோகப் பெட்டியில் இரு உருளைகளுக்கு இடையே பொருத்தினார். வழி செல்லச் செல்லச் சுருளும் சுற்றப்படும். அவ்வவ்விடத்துக் குறிப்பு கண்முன் தோன்றும். எந்திரப் பேரொலியிற் பேச்சுக் கேளாதாதலின், கைச்சாடைகள் பதினைந்து வகுத்துக்கொண்டனர். இவ்வாறு வழிக்குறிப்பை உடன்கொண்டு செல்லும் எண்ணம் ஜான் பிட்ச் என்னும் அமெரிக்க ஓட்டுநருடன் அவர் கலந்து பேசியதிலிருந்து முளைத்ததாகும்.

மேடு ஒன்றின் உச்சிக்கு அப்பால் சாலை நேரே செல்கிறதா, வளைகிறதா என்பது ஓட்டுநர்க்குத் தெரியாது. தெரியாதவர் விரைவைக் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் ஜென்கின்சன் தம் சுருளைப் பார்த்து, "நேர்வழி, குறைக்கவேண்டா" என்று கையாற் காட்டுவார். மாஸ் அக்கையை நம்பி மணிக்கு 170 மைல் அளவான விரைவில் அம்மேட்டைத் தாண்டுவார். சுருளில் ஒரு குறிப்பு இடம்மாறி எழுதப்பட்டிருந்தால் அல்லது ஒரு வரி விடுபட்டிருந்தால் என்ன ஆகும்? எழுதியவரும் அவ்வண்டியிலேயே அமர்ந்திருக்கின்றார்! தாம் எழுதிய எழுத்தின் மெய்ம்மைக்குத் தம் உயிரையே பிணையாக வைத்த எழுத்தாளர் உலகில் மிகச் சிலரே. வழியில் குமட்டல் மேலிட்டு வெளியே தலைநீட்டியபோது அவருடைய மூக்குக்கண்ணாடி காற்றோடு போயிற்று. அவரோ மற்றொரு கண்ணாடியை முன்னரே உடன்வைத்திருந்தார். அணிந்துகொண்டு சுருளை மேலும் படித்தார். முன்னறிவு என்பது இத்தகைய சிறு செயல்களிலேதான் விளங்கும்.

மாஸும் ஜென்கின்சனும் காலை 7.22 மணிக்குப் புறப்பட்டனர். அந்நேரமே 722 என்னும் எண்ணாக அவர்கள் வண்டியில் எழுதப்பட்டிருந்தது. அவ்வண்டி 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் பிரெஷியாவை மீண்டும் அடைந்தது. சராசரி விரைவு மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். உலக வாகை சூடிய ஃபாஞ்சியோ, துணைவரின்றித் தனியே ஓட்டி, ஏறத்தாழ 32 நிமிடம் பிந்தி இரண்டாமவராக வந்தார். அப்பந்தயம் நிறுத்தப்படும் வரையில் மாஸின் கால அளவை வென்றார் ஒருவருமில்லை.

பிறர் இவ்வெற்றியைத் தந்திச் செய்தியாகச் சுருக்கி வெளியிட்டனர். ஜென்கின்சனோ விடுதி திரும்பித் தாம் கண்டதை விரிவாக எழுதினார். அவ்வாண்டு ஜூன் மாத 'மோட்டார் ஸ்போர்ட்' இதழில் வெளிவந்த அக்கட்டுரை, மோட்டார்ப் பந்தய இலக்கியத்திற்கு ஓர் உரைகல்லாக இன்றும் மதிக்கப்படுகிறது. அதன் பெருமை அலங்காரச் சொற்களால் வந்ததன்று. ஓட்டுநர் கை எங்ஙனம் திரும்பியது, தடைகள் எங்ஙனம் பற்றின, எந்த இடத்தில் தமக்கு அச்சம் தோன்றியது, எந்த இடத்தில் தாம் சாடை காட்டத் தவறினார் என்பவற்றை உள்ளவாறே உரைத்தமையால் வந்தது. தம் தவற்றைத் தாமே எழுதுவோனிடத்து, அவன் பிறரைப் பற்றி எழுதுவதிலும் நமக்கு நம்பிக்கை பிறக்கின்றது.

நூலாசிரியர்

1958-ஆம் ஆண்டு 'தி ரேசிங் டிரைவர்' என்னும் நூலை ஜென்கின்சன் வெளியிட்டார். பந்தய ஓட்டுநரை மக்கள் ஒன்று வீரனென்று போற்றினர். அன்றிப் பித்தனென்று பழித்தனர். இவர் இரண்டும் செய்யாது, அவ்வோட்டுநர் கண்ணும் கையும் காலும் மனமும் எவ்வாறு இயைந்து தொழிற்படுகின்றன என ஆராய்ந்தார். ஓட்டுந்திறனைப் பத்துக் கூறாகப் பகுத்து, இன்னவர் இப்பொழுது பத்தில் ஏழு அளவில் ஓட்டுகின்றார், இவர் ஒன்பது அளவில் ஓட்டுகின்றார் என்று கூறும் வழக்கைப் பரப்பியவர் இவரே. பத்துக்குப் பத்து என்பது ஆற்றலின் எல்லை. அதனைக் கடந்தால் விபத்து. புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் மாறாக ஓர் அளவுகோலைத் தருவதே கற்றறிந்த எழுத்தாளன் தொழில் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஒரு பெருங்குறை

இதுகாறும் கூறியவற்றால், அருகில் நிற்போனே மெய் காண்பான் என்று மாணவர் முடிவு கட்டுதல் கூடும். அவ்வாறு கொள்ளற்க. ஜென்கின்சன் வாழ்க்கையின் மறுபக்கத்தையும் நாம் நோக்கல் வேண்டும்.

அவர் வெற்றிகண்ட ஆறு வாரங்களுக்குள், 1955 ஜூன் 11-ஆம் நாள், பிரான்சு நாட்டு லெமான் பந்தயத்தில் மெர்சிடிஸ் வண்டியொன்று கூட்டத்துட் பாய்ந்து, ஓட்டுநரும் காண்போருமாக எண்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1957-ஆம் ஆண்டு மில்லே மிலியாவில் சக்கரவட்டை வெடித்து ஒரு வண்டி சாலையோரம் நின்றார்மேல் புரண்டது. ஓட்டுநரும் துணைவரும் மட்டுமன்றி, காணவந்த ஒன்பதின்மரும் இறந்தனர். அவருள் ஐவர் சிறுவர். அத்துடன் பொதுச்சாலையில் நடந்த அப்பெரும்பந்தயம் முடிவுற்றது.

1966-ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஸ்பா என்னுமிடத்தில் ஜாக்கி ஸ்டுவர்ட் என்னும் ஸ்காட்லாந்து ஓட்டுநர் மழையில் வண்டி சறுக்கி விபத்துக்குள்ளானார். எரிபொருள் உடலை நனைக்க, உடைந்த வண்டிக்குள் அகப்பட்டுக் கிடந்தார். அவரை விடுவிக்கும் கருவியுடன் ஒருவரும் வரவில்லை. உடன் ஓட்டியவர்களே காண்போர் ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கி அவரை மீட்டனர். அதன்பின் ஸ்டுவர்ட், தடுப்பு வேலிகளும், மருத்துவரும், தீயணைப்போரும், இருக்கைப் பட்டையும் வேண்டுமென்று இடையறாது வாதாடினார். இவ்வாதத்தைத் தம் இதழிலே கடுமையாக எள்ளியவர்களுள் ஜென்கின்சன் தலையானவர். இடர் இல்லையேல் பந்தயத்தின் மாண்பு கெடும் என்பது அவர் துணிபு.

உயிர்க்கொலைக்கு அஞ்சிப் படைக்கலம் ஏந்த மறுத்த அதே மனிதர், உயிர் காக்கும் வேலியை எங்ஙனம் எள்ளினார்? யாம் நெடிது சிந்தித்தோம். தம் உயிரைத் தாமே பிணை வைத்தவர்க்குப் பிறருடைய அச்சம் சிறிதாகத் தோன்றியிருக்கலாம். வண்டிக்குள்ளிருந்து கண்டவர் அவர். கைம்பெண்ணின் வீட்டு வாயிலில் நின்று கண்டவர் அல்லர். அவர் கண்ட பக்கம் மெய்யே. ஆயினும் அது ஒரு பக்கமே. காலம் ஸ்டுவர்ட்டின் பக்கமே தீர்ப்பளித்தது. அவர் கேட்டவையெல்லாம் இன்று விதிகளாக உள்ளன. வழிக்குறிப்பின் எண்ணத்தைத் தந்த ஜான் பிட்ச், லெமானில் மாண்ட ஓட்டுநருக்கு மாற்று ஓட்டுநராய் அன்று காத்திருந்தவர். அவர் பிற்காலத்தில் மணல் நிரப்பிய பீப்பாய்களாலான சாலைத் தடுப்பை இயற்றிப் பலர் உயிரைக் காத்தார். ஒரே நிகழ்ச்சிக் காலத்தைக் கடந்துவந்த இருவர், இருவேறு பாடங்களைக் கற்றனர்.

ஜென்கின்சன் ஆம்ப்ஷயர் நாட்டுப்புறத்தில், ஏடுகளும் இயந்திர உறுப்புகளும் குவிந்த எளிய குடிலில் வாழ்ந்து, 1996-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் காலமானார். செல்வம் சேர்த்தாரல்லர். எவரிடத்தும் கைம்மாறு கருதி எழுதினார் என்ற பழிச்சொல்லும் அவர்க்கு இல்லை.

நம் நாட்டு நிலை

இத்துறை நமக்கு முற்றும் அயலானதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையிலே பந்தயங்கள் நடந்து வந்தன. 1953-ஆம் ஆண்டு சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அமைந்தது. 1990-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஒரு தடம் திறக்கப்பட்டது.

அக்கழகத்தை நிறுவியோருள் ஒருவரான இந்து சாந்தோக்கின் பெயரர் கருண் சாந்தோக், 1984-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தவர். 2010-ஆம் ஆண்டு பார்முலா ஒன்று பந்தயங்களில் ஓட்டினார். 2012-இல் லெமான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். பின்னர்த் தொலைக்காட்சியிற் பந்தயங்களை விளக்கியுரைக்கும் தொழிலை மேற்கொண்டு, 2019-ஆம் ஆண்டு பிரித்தானியாவின் ஸ்கை தொலைக்காட்சியிற் சேர்ந்தார். "இவர் பிந்தினார்" என்று கூறுதல் எவர்க்கும் எளிது. சக்கரவட்டை எவ்வாறு தேய்ந்தது, தடையை எத்தனை அடி முன்னரே அழுத்தினார், ஆகவே ஏன் பிந்தினார் என்று விளக்குதல், அவ்விருக்கையில் அமர்ந்தவர்க்கே எளிது. ஜென்கின்சன் காட்டிய நெறி சென்னையிற் பிறந்த ஒருவரிடத்தும் இவ்வாறு விளங்குதல் நமக்கு மகிழ்ச்சியே.

மாணவர் கொள்ளத்தக்கவை

இத்தொழிலை விரும்புவோர் மூன்றனைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, எழுதப்புகும் பொருளின் தொழில்நுட்பத்தைக் கற்றல். எந்திரமும், சக்கரவட்டையும், பந்தய விதியும் அறியாதவன் வென்றவர் பெயரை மட்டுமே எழுதுவான்; அதனை நாழிகைப் பொறியே எழுதிவிடும். இரண்டாவது, கூடியவரை அருகிற் சென்று காணல்; கண்டதை அன்றே குறித்தல்; தன் தவற்றை மறையாமை. மூன்றாவது, தான் நின்ற இடம் ஒன்றே என்பதை மறவாமை. கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியது, கண்டவனும் விசாரிக்க வேண்டும் என்பதற்கன்றோ? வென்றவனைக் கேட்டபின் தோற்றவனையும், அவனைக் கேட்டபின் செப்பனிடுவோனையும், இடர் நேர்ந்த இடத்தில் காயமுற்றவன் வீட்டாரையும் கேட்டல் வேண்டும்.

மேல்சித்தாமூர் மடத்திலுள்ளவை போன்ற ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தோர், ஓர் எழுத்துப் பிழைப்பினும் பின்வருவோர் பொருள் மயங்குவர் என்று அஞ்சியே எழுதினர். ஜென்கின்சன் காகிதச் சுருளை எழுதியதும் அவ்வச்சத்தோடேதான். நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் நம்பி ஒருவர் கண்காணா மேட்டின்மேல் விரைந்து ஏறுகின்றார், நாமும் அவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கின்றோம் என்று எண்ணி எழுதினால், நம் எழுத்திற் பொய் புகுதற்கு இடமிராது.

எம்முடன் வந்த மூன்றாம் மாணவர் தம் தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கிச் சென்றார். மாடிமேல் நின்றவரையும் வடம் பிடித்தவரையும் வினவி, மறுவாரம் வேறொரு தாள் கொண்டுவந்து தந்தார். அதில் திருவுருவமும் இருந்தது, கூட்டமும் இருந்தது, கன்றிய கைகளும் இருந்தன. முட்டுக்கட்டை இட்டவரைப் பற்றிய பகுதியை மட்டும் அவர் ஒரு சொல்லும் மாற்றவில்லை. மாற்றுமாறு யாமும் கூறவில்லை.